பத்தொன்பது படிக்கு ஒரு ஆழாக்கு குறைவு

உள்ளே வா, தங்கச்சி. உட்கார். அந்த மூலைப் பக்கம் மட்டும் வேண்டாம், இப்படி வாசலுக்கு நேராக உட்கார். கலயத்தைக் கூரை நிழலில் வை, வெயில் பட்டால் புளித்துப்போகும். கூழ்தானே? வாசனையிலேயே தெரிகிறது. கேழ்வரகு. கொஞ்சம் நொய்யும் போட்டிருக்கிறாய்.

நீ யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆற்றுமேட்டில் நீ ஏறி வரும்போதே தெரிந்துகொண்டேன். உன்னை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், நாங்கள் கப்பல் ஏறிய அன்று. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு படகுக்குள் ஒரு துணிப்பையை நீட்டினாய். உன் வீட்டுக்காரன் தில்லையாண்டி அதை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டு ஆடினான். படகில் எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. இன்றைக்கு அவன் போய் எட்டு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. நீ வருவாய் என்று முதல் இரண்டு வருஷம் எதிர்பார்த்தேன். அப்புறம் வரமாட்டாய் என்று நினைத்தேன்.

நான் அதிகம் பேசிப் பழகாதவன். ஆள் முகத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வாசலைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உச்சிப்பொழுதுக்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். உச்சியில் நான் யாரோடும் இருப்பதில்லை. அது ஒரு பழக்கம்.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அண்ணே, அவரு கடைசியா என்ன சாப்பிட்டாரு?" ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் இலை போடுகிறாய். எட்டு வருஷம், பதினாறு இலை. சோறு வைத்தாய், மீன் வைத்தாய், பணியாரம் வைத்தாய். காகம் வந்து பார்த்துவிட்டுப் போகிறதே தவிர வாய் வைக்கவில்லை என்கிறாய். அவன் கடைசியில் எதைக் கேட்டானோ அதை வைத்துப் பார்ப்போம் என்று நடந்தே வந்திருக்கிறாய். சரியான கேள்விதான். பதில் சொல்லக்கூடிய ஆளும் நான் ஒருவன்தான். அந்தக் கப்பலில் ஒவ்வொருவன் வாய்க்குள் போன பருக்கையும் என் கையால் அளந்து போனது.

முதலில் கணக்கைச் சொல்கிறேன். கணக்குத் தெரியாமல் கேட்டால் தப்பாகப் புரிந்துகொள்வாய்.

கப்பலை நடத்தும் நகுதாவில் தொடங்கிச் சமைத்துப் போடும் பண்டாரியான நான் வரைக்கும் முப்பத்திரண்டு பேர். பரங்கி மாலுமி ஒருவன் இருந்தான், திசை பார்த்துச் சொல்ல. அவன் என் கணக்கில் வரமாட்டான். அவனுக்குத் தனிப் பெட்டி, அதில் கல் மாதிரி ரொட்டியும் உப்பில் ஊறிய பன்றிக்கறியும். அந்த ரொட்டியை அவன் அப்படியே தின்னமாட்டான். பலகையில் நான்கு தட்டுத் தட்டுவான். புழு உதிரும். உதிர்ந்த புழுவை ஊதிவிட்டு, உதிராத புழுவோடு கடித்துத் தின்பான். தில்லையாண்டி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவான். "இன்னிக்கு பதினோரு பேரு எறங்கிட்டாங்கடா. மிச்சப் பேரு உள்ளேயே குடியிருக்காங்க." மாலுமிக்குத் தமிழ் தெரியும். அவனும் சிரிப்பான்.

உன் வீட்டுக்காரன் அப்படிப்பட்டவன். என்னையும் விட்டு வைக்கவில்லை. நான் அகப்பையை ஒரே மட்டமாக வழித்துத்தான் போடுவேன். கூம்பாகப் போடமாட்டேன். அதற்கு அவன், "பண்டாரி அண்ணே, ஒன் அகப்பைக்குக் கண்ணு இருக்கு, கை இல்ல" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சட்டென்று பதில் வராது. மூன்று நாள் கழித்து வரும், அப்போது சொல்லிப் பிரயோசனம் இல்லை.

கணக்குக்கு வருகிறேன். மலாக்காவில் மூன்று மாதம் தங்கித் துணியை இறக்கினோம், தகரமும் பாக்கும் ஏற்றினோம். மாசிக் கடைசியில் கிளம்பினோம். இருபத்தைந்து நாள் ஓட்டம். நான் முப்பது நாளுக்கு அரிசி ஏற்றினேன். ஆளுக்கு ஒரு வேளைக்கு உழக்கு, அதாவது கால் படி, இரண்டு வேளை. முப்பத்திரண்டு பேருக்கு ஒரு நாளைக்குப் பதினாறு படி. முப்பது நாளைக்கு நானூற்று எண்பது படி, ஐந்து கலம். இது போகக் கருவாடு, பருப்பு, புளி, உப்பு. நார்த்தங்காய் ஊறுகாய் இரண்டு சாடி. நகுதாவுக்கு மட்டும் நெய்.

அந்த அரிசியை நீ பார்த்திருக்க வேண்டும். நம் பக்கத்துப் புழுங்கல் மலாக்காவில் தீர்ந்துபோயிருந்தது. நான் நாலு கடை ஏறி இறங்கி, சயாம் தேசத்துப் பச்சரிசி எடுத்தேன். நன்றாகத் தீட்டியது. ஒரு தவிடு கிடையாது, ஒரு கல் கிடையாது. வெள்ளை வெளேர் என்று இருக்கும். அந்த ஊர் ஏழை ஜனங்கள் அதைத் தொடக்கூட முடியாது. அவர்கள் ஒரு மரத்தைப் பிளந்து உள்ளே இருக்கும் மாவைக் கரைத்துக் குடிக்கிறார்கள். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? நீ கூழ், நான் கூழ். வரகு, கேழ்வரகு, கம்பு. சோறு என்பது பொங்கலுக்கும் சாவுக்கும். கப்பலுக்குப் பாதிப் பேர் வருவதே தினம் இரண்டு வேளை நெல்லுச்சோறு கிடைக்கும் என்றுதான். அதனால் நல்ல அரிசியாகப் போடவேண்டும் என்பது என் எண்ணம். தங்கியிருந்த மூன்று மாதமும் அதுதான், திரும்பும்போதும் அதுதான். அப்படி வெள்ளை அரிசி போட்ட பண்டாரி பரங்கிப்பேட்டைத் துறையில் வேறு யாரும் கிடையாது. கேட்டுப் பார்.

தில்லையாண்டி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அண்ணே, இது சோறா, மல்லிப்பூவா? தலையில வச்சுக்கலாம், வயித்துல நிக்காது."

அவன்தான் அந்தக் கேழ்வரகைக் கேட்டுக்கொண்டே இருந்தான். நீ கட்டிக் கொடுத்த பை. இரண்டு படி. உன் சேலைக் கரையைக் கிழித்து முடிச்சுப் போட்டிருந்தாய், சிவப்புக் கரை. கப்பல் ஏறியதும் யார் தின்பண்டம் கொண்டுவந்தாலும் பண்டாரியிடம் ஒப்படைக்க வேண்டும், எலிக்கும் திருட்டுக்கும் பயந்து. ஒப்படைத்தான். அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை, "அண்ணே, ஒரு பிடி அரைச்சுக் கூழு காய்ச்சிக் குடுண்ணே. கன்னியம்மா கட்டிக் குடுத்தது. வாய் நமநமங்குது" என்பான். நான் சொல்வேன், "ஒரு கப்பலுக்கு ஒரு உலைதான் தில்லையாண்டி. உனக்குத் தனி உலை வைத்தால் நாளைக்கு முப்பத்திரண்டு உலை வைக்க வேண்டும்." நான் சொன்னது நியாயம். இன்றைக்குக் கேட்டாலும் அது நியாயம்தான்.

அந்தப் பை உன்னிடம் வந்து சேர்ந்ததே? உன் கொழுந்தன் வந்து சாமானை வாங்கிப் போனான். ஏழு உருப்படி. வேட்டி இரண்டு, கத்தி ஒன்று, வெற்றிலைப் பை ஒன்று, தூண்டில் கயிறு ஒன்று, மலாக்காவில் உனக்கென்று வாங்கிய சீப்பு ஒன்று, கேழ்வரகுப் பை ஒன்று. ஒன்றும் குறையாமல் கொடுத்தேன்.

ஆமாம். முடிச்சு நீ போட்டபடியே இருந்தது. அவிழ்க்கவில்லை.

ஆமாம், தங்கச்சி. தெரியும். நீ போட்ட முடிச்சு நீ போட்டபடியே திரும்பி வந்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. உருப்படி குறையக்கூடாது என்றுதான் தோன்றியது.

சொல்கிறேன். இருபது நாள் ஓடினோம். இருபத்தோராம் நாள் காற்று நின்றது. பங்குனி மாதம் அந்தக் கடலில் அப்படி நிற்பது உண்டு. ஒரு நாள் நிற்கும், மூன்று நாள் நிற்கும். இது நின்றது நின்றதுதான். தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. நாங்கள் கொட்டிய குப்பை நான்கு நாள் கழித்தும் பக்கத்திலேயே மிதந்தது. நகுதாவுக்குக் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு, "பண்டாரி, பானை உம்ம கையில. எத்தனை நாள்னு தெரியாது. பாத்துச் செய்யும்" என்றார். அன்றைக்கே ஒரு வேளையாக்கினேன், ஆளுக்கு உழக்கு. முப்பதாம் நாள் முடிந்தபோது மூட்டையில் எண்பது படி. அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஒரு படியை எட்டுப் பேர் ஒரு நாள் முழுக்கத் தின்ன வேண்டும். சோறாக வடிக்காமல் கஞ்சியாகக் காய்ச்சினேன், பார்வைக்கு நிறைய இருக்கும் என்று.

இப்போது உனக்கு ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கப்பலில் ஒவ்வொருவனுக்கும் ஒரு கொட்டாங்கச்சி ஓடு. ஓரத்தில் வெட்டு வெட்டி அடையாளம் வைத்திருப்பான். தில்லையாண்டிக்கு மூன்று வெட்டு. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் வரிசையாக, வாய் மேலே பார்க்க அடுக்கியிருக்கும். உச்சிப்பொழுதில் நான் எல்லாவற்றிலும் ஊற்றிவிட்டு, வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். "இருக்கேன்" என்று சொல்லி வந்து எடுத்துக்கொள்வான். வர முடியாதவன் கிடந்த இடத்திலிருந்தே "இருக்கேன்" என்பான், யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் நான் போய்ப் பார்க்க வேண்டும். உயிர் இல்லை என்றால் அவன் பங்கைக் கடலுக்குப் போட்டுவிட்டு ஓட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். கவிழ்த்ததை நிமிர்த்தக் கூடாது. நிமிர்த்தினால் செத்தவன் பந்திக்கு வந்து உட்காருவான், எழுந்து போகும்போது பக்கத்தில் இருப்பவனையும் கூட்டிக்கொண்டு போவான். அது எங்கள் தாத்தன் பூட்டன் காலத்து வழக்கம். நான் உண்டாக்கியது இல்லை.

முப்பத்தோராம் நாள் ஒன்று கவிழ்ந்தது. முப்பத்திரண்டாம் நாள் ஒன்று. முப்பத்துமூன்றாம் நாள் ஒன்று. மூன்று பேரும் விடியும் முன்னே, அன்றைய அரிசியை நான் அளக்கும் முன்பே போய்விட்டார்கள். கால் வீங்கும், அமுக்கினால் குழி விழும், அப்புறம் மூச்சு முட்டும். அவ்வளவு சுத்தமான அரிசி தின்றும் கால் வீங்கியது பார். அந்தப் பரங்கி புழுவைத் தின்றான், அவனுக்கு ஒன்றுமில்லை. சாமியின் கணக்கு நமக்குப் புரிவதில்லை.

தில்லையாண்டிக்கும் வீங்கிவிட்டது. அணியத்தில், கப்பலின் முன்பக்கம், பாய் நிழலில் கிடந்தான். அப்போதும் வாய் ஓயவில்லை. "அண்ணே, எங்காலப் பாத்தியா, பலாக்கா மாதிரி. ஊருக்குப் போனா எங்க கன்னியம்மா வெட்டிக் கொழம்பு வச்சிருவா." அப்புறம் குரலை இறக்கி, "அண்ணே, அந்தக் கூழு" என்பான். நான் கேட்காதது மாதிரி அடுத்த பெயருக்குப் போய்விடுவேன்.

நாற்பதாம் நாள். இருபத்தொன்பது ஓட்டிலும் ஊற்றினேன். கூப்பிட்டேன். இருபத்தெட்டுப் பேர், என்னையும் சேர்த்து. தில்லையாண்டி பதில் சொல்லவில்லை. மூன்று தடவை கூப்பிட்டேன். போய்ப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, கண் மேலே செருகியிருந்தது. மூக்குக்கு நேரே கையை வைத்து இருபது எண்ணினேன். மூச்சு இல்லை. நெஞ்சில் கை வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. இருபது எண்ணினேன், தங்கச்சி. முப்பது எண்ணியிருக்கலாம்.

திரும்பி வந்து அவன் ஓட்டை எடுத்துக்கொண்டு கடல் பக்கம் போனேன். முதுகை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு நின்றேன். அப்புறம் வந்து கவிழ்த்தேன். செங்கேணி, அவன்தான் எங்களில் மூத்தவன், கையெடுத்துக் கும்பிட்டான். உடம்பைத் தூக்கிக் கடலில் விட யாருக்கும் தெம்பில்லை. வெயில் தாழட்டும் என்று பாய்த்துணியை மூடிவிட்டு அவரவர் கிடந்தோம்.

வெயில் தாழ்ந்தது. துணி அசைந்தது.

"அண்ணே, சோறு போட்டாச்சா?"

அதுதான் கேட்டான். அப்படியே கேட்டான்.

நான் எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒருவன் அலறினான். காத்தான்தான் ஓடிப்போய்த் துணியை விலக்கினான், உன் ஊர்க்காரன், சின்ன வயதிலிருந்தே தில்லையாண்டிமேல் அவனுக்குப் பிரியம். "உசிரு இருக்குண்ணே! உசிரு இருக்கு!" என்று கத்தினான். "ஓட்ட நிமித்துண்ணே."

செங்கேணி பலகைக்கு முன்னால் வந்து நின்றான். "தொடாதே. கவுத்தது கவுத்ததுதான். இப்பப் பேசறது தில்லையாண்டின்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யோவ், கண்ணு முழிச்சுப் பாக்கறான்யா!"

"பாக்கும். சோறு கேக்கும். போட்டியோ, நாளைக்கு ஒன்னக் கேக்கும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நகுதா காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். பானை என் கையில். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நிமிர்த்து என்றால் நிமிர்ந்திருக்கும். அத்தனை முகம் என்னையே பார்த்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நான் பலகையைப் பார்த்தேன். நிமிர்ந்த ஓடு இருபத்தெட்டு. "இருபத்தெட்டுப் பங்குதான் கணக்கு" என்றேன். அதுதான் என் வாயில் வந்தது.

நாற்பத்தோராம் நாள் உச்சியில் கூப்பிட்டேன். இருபத்தெட்டுப் பெயர். கடைசிப் பெயருக்கு அப்புறம் அணியத்திலிருந்து ஒரு குரல், "இருக்கேன்."

நான் கூப்பிடவில்லை. அவனாகச் சொன்னான். வரிசையில் தன் பெயரை விட்டுவிட்டேன், மறந்துவிட்டேன் என்று நினைத்தான் போல. கோபம் இல்லாமல்தான் சொன்னான்.

நாற்பத்திரண்டாம் நாள். இருபத்தெட்டாவது பெயர். "இருக்கேண்ணே."

காத்தான் தன் கஞ்சியில் பாதியைக் கொண்டுபோய் அவன் வாயில் விட்டான். செங்கேணி திட்டினான். நான் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தேன். அதை என் நன்மையில் சேர்த்துக்கொள், தங்கச்சி, வேறு ஒன்றும் என் பக்கத்தில் சேர்க்க இல்லை. ஆனால் தில்லையாண்டி விழுங்கவில்லை. வழிந்துவிட்டது. "இது வேணாம்டா. கூழு இருக்கு, பண்டாரி அண்ணன்கிட்ட இருக்கு" என்றானாம். காத்தான் வந்து பையைக் கேட்டான். அவன் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல நான் அடுப்பைக் கிளறினேன். கவிழ்ந்தவன் சாமான் வீட்டாருக்கு அப்படியே போய்ச் சேர வேண்டும், பிரிக்கக் கூடாது. அதுவும் வழக்கம். பையும் என் தலைக்கு மேலேதான் தொங்கியது. கையை நீட்டினால் எட்டும்.

நாற்பத்துமூன்றாம் நாளும் சொன்னான். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. என் கண் அந்தப் பக்கம் போய்விட்டது, அதனால் தெரிந்தது.

நாற்பத்துநான்காம் நாள் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே காற்று வந்தது. செங்கேணி சொன்னான், "பாத்தியா, கேட்டது போயிருச்சு, காத்து வந்திருச்சு." காத்தான் அதற்கப்புறம் எங்கள் யாரோடும் பேசவில்லை. நாற்பத்தேழாம் நாள் கரை சேர்ந்தோம்.

இன்னும் கணக்கு முடியவில்லை. கப்பல்காரர் மரைக்காயர் வந்து மூட்டையை அளக்கச் சொன்னார். பதினெட்டுப் படியும் ஏழு ஆழாக்கும் மிச்சம் இருந்தது. நாற்பத்தேழு நாள், முப்பது நாளுக்கு ஏற்றிய அரிசியில், மிச்சம் வைத்துக் கரை சேர்த்திருக்கிறேன். அவர் என் தோளைத் தட்டினார். "இன்னும் ஒரு ஆழாக்கு இருந்தா பத்தொம்போது படி முழுசா வரும். அந்த ஒண்ண எங்கய்யா ஒளிச்சு வச்சீர்?" என்று வேடிக்கையாகக் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான், "கடலுக்குப் போட்டது" என்றேன்.

அந்த மிச்சத்தை நான் எட்டு வருஷமாக வகுத்துக்கொண்டிருக்கிறேன். நூற்று ஐம்பத்தோரு ஆழாக்கு. ஒரு ஆளுக்கு நூற்று ஐம்பத்தோரு நாள்.

பேசிக்கொண்டே வந்ததில் ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். நீ அதைத்தான் கேட்டாய். கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று. முப்பத்தொன்பதாம் நாள் ஒரு ஆழாக்குக் கஞ்சி சாப்பிட்டான். உப்புப் போட்டது. நார்த்தங்காய் தீர்ந்துபோயிருந்தது. அதுதான் கடைசி. நாற்பதாம் நாள் பங்கு…

கடலுக்குப் போடவில்லை.

முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன் என்று சொன்னேன் அல்லவா? மூன்று வாய். மூன்றே வாய்தான் இருந்தது. செத்தவன் பங்கு கடலுக்கு, கடலுக்கு எதற்கு என்று அந்த நேரம் தோன்றியது. என் பங்கு அடுப்பருகில் இருந்தது, அதையும் அப்புறம் வந்து சாப்பிட்டேன். ஒரே நாளில் இரண்டு பங்கு சாப்பிட்டவன் அந்தக் கப்பலில் நான் ஒருவன்தான். நாற்பது நாள் ஒரு பருக்கை கூடுதலாக எடுத்தது கிடையாது. அந்த ஒன்றுதான்.

அப்புறம் அவன் சோறு போட்டாச்சா என்று கேட்டான்.

ஓட்டை நிமிர்த்தினால் அன்றைய பங்கைக் கொடுக்க வேண்டும். பானை காலி. பங்கு எங்கே என்றால் கடலில் என்று சொல்லலாம், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஆனால் அவன் முகத்துக்கு நேரே, அதே ஓட்டை, நக்கிய ஓட்டை, கையில் எடுக்க வேண்டும். எனக்குக் கூச்சமாக இருந்தது. பயம் இல்லை, தங்கச்சி. செங்கேணி சொன்ன பேய்க்கெல்லாம் நான் பயப்படவில்லை. கூச்சம்தான்.

இதை நான் காத்தானிடம் சொல்லவில்லை. செத்துப்போன என் வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. அவள் மட்டும் கேட்பாள், "ஏன் ரெண்டு பேருக்கு வடிச்சா மூணாவது யாருக்கோ காது குடுத்துக்கிட்டு நிக்கறீங்க?" என்று. உச்சியில் சோற்றை எடுத்துவைத்தால் கடைசியில் ஒரு குரல் வரும். அதனால்தான் உச்சியில் ஆளோடு இருப்பதில்லை. நிழல் எங்கே வந்திருக்கிறது பார். வாசற்படிக்கு வந்துவிட்டது. நீ கிளம்பு. வழியில் புளியந்தோப்பில் நிழல் உண்டு, அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். இலையில் கூழ் வை. உன் கையால் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ். வேறு ஒன்றும் வேண்டாம். அதுதான் பதில்.

எங்கே போகிறாய்? வாசல் இந்தப் பக்கம்.

அந்த மூலைக்குப் போகாதே. வந்ததுமே சொன்னேனே. ஆமாம், அவனுடையதுதான். ஓரத்தில் மூன்று வெட்டு, தொட்டுப் பார்த்தால் தெரியும். தொடாதே. கரை கண்டதும் கவிழ்ந்த ஓடுகளைக் கடலில் விட்டுவிட வேண்டும். மூன்றை விட்டேன். இதை மட்டும் மடியில் மறைத்துக்கொண்டு இறங்கினேன். உன் கொழுந்தனிடம் ஏழு கொடுத்தேன், எட்டாவதைக் கொடுக்கவில்லை. கொண்டுவந்து கவிழ்த்தபடியே வைத்தேன். சாணம் மெழுகும்போதுகூட அதைச் சுற்றித்தான் மெழுகுவேன். நிமிர்த்தாதே. தங்கச்சி, சொன்னால் கேள். நிமிர்த்தாதே.

நிமிர்த்திவிட்டாய்.

உள்ளே ஒன்றும் இல்லை. தரையில் வட்டமாக ஒரு தடம், அவ்வளவுதான்.

கலயத்தை ஏன் எடுக்கிறாய்? அது உன் வழிச்சாப்பாடு, இன்னும் அத்தனை தூரம் நடக்க வேண்டும். போதும். தங்கச்சி, போதும், விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. நான் யாருக்கும் அப்படி ஊற்றியதில்லை.

என்ன? நானா? நான் கூப்பிட வேண்டுமா?

உச்சிதான். ஆமாம், உச்சியாகிவிட்டது.

எனக்கு வரிசையாகச் சொன்னால்தான் வரும். நடுவில் பேசாதே. நகுதா. செங்கேணி. காத்தான். அப்புறம் இபுராகிம், பொன்னன், சாமித்துரை, அவன் தம்பி… ஆமாம், விட்டுப்போகவில்லை, மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். கடைசியில் நான். இருபத்தெட்டு.

தில்லையாண்டி.

தில்லையாண்டி.

மூன்றாவதை நீ கூப்பிடு, தங்கச்சி. என் குரலுக்கு அவன் "இருக்கேன்" என்று மட்டும்தான் சொல்வான். உன் குரலுக்கு வந்து சாப்பிடுவான்.